குடலிறக்கமும் மயக்க ஊசியும்: பாலாற்றங்கரையில் அன்றும் இன்றும்

உப்பிட்டு ஈரமாக வரும் எருமைத் தோல் ஒன்று இருபது, முப்பது கிலோ கனக்கும். அது சுண்ணாம்புத் தொட்டியில் கிடந்து ஊறினால், தண்ணீரைக் குடித்துக் கையில் நிற்காமல் வழுக்கும். அதைக் கொக்கியால் மாட்டி, இடுப்பளவு ஆழத்திலிருந்து கரைக்கு இழுத்துப் போடவேண்டும். கால்களை அகட்டிக் குனிந்து, மூச்சைப் பிடித்து, ஒரே தம்மில் இழுப்பார்கள். ஒரு தொட்டி காலியாக நாற்பது, ஐம்பது முறை இழுக்கவேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பகுதி முழுக்கப் பல தலைமுறை ஆண்கள் இப்படித்தான் உழைத்தார்கள்.

மூச்சைப் பிடிக்கும் அந்த நொடியில் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. தொடை இடுக்கில் ஆண்களுக்குப் பிறவியிலேயே ஒரு பலவீனமான இடம் உண்டு. கரு வளரும்போது விதை வயிற்றிலிருந்து கீழே இறங்கிய பாதை அது. அழுத்தம் அங்கே தேடிப்போய் முட்டுகிறது. உள்ளே இருக்கும் சவ்வு பை போலப் பிதுங்கி, அதற்குள் குடலின் ஒரு பகுதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. கனம் தூக்குவது மட்டும் காரணமல்ல. ஓயாத இருமல், மலச்சிக்கல், புராஸ்டேட் வீங்கிச் சிறுநீருக்கு முக்குவது, வயதால் தசை தளர்வது எல்லாம் சேர்ந்துதான் குடலிறக்கத்தைக் கொண்டுவருகின்றன. ஆண்களில் நால்வரில் ஒருவருக்காவது வாழ்நாளில் ஒருமுறை இது வருகிறது. உலகம் முழுக்க ஆண்டுக்கு 2 கோடிக்கு மேல் இந்த அறுவை நடக்கிறது.

அன்று இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டார்கள். "இறங்கியிருக்கு" என்று நெருங்கியவர்களிடம் மட்டும் சொல்வார்கள். பகலெல்லாம் கோவணத்தை இறுக்கிக் கட்டி வேலை செய்வார்கள். ராத்திரி மல்லாந்து படுத்து விரலால் மெல்ல உள்ளே தள்ளிக்கொள்வார்கள். கொஞ்சம் காசு இருந்தவர்கள் இரும்புப் பட்டை வைத்த பெல்ட் வாங்கிக் கட்டினார்கள். அறுவை செய்துகொள்ளச் சொன்னால் பயந்தார்கள். கத்தியைவிட மயக்கத்துக்குத்தான் அதிகம் பயந்தார்கள்: "மயக்கம் குடுத்தா திரும்பி எழுந்திருப்பேனா, டாக்டரய்யா?" அந்தக் காலத்தில் அந்தப் பயம் நியாயமானதுதான்.

ஈதர் வாசனை

மயக்க மருந்தின் கதை 1846 அக்டோபர் 16-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதரைப் பலர் முன்னால் கொடுத்துக் காட்டியதில் தொடங்குகிறது. மறு ஆண்டே எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோபாமைக் கொண்டுவந்தார். குளோரோபாம் இதயத்தை நிறுத்துமா, மூச்சை நிறுத்துமா என்ற வழக்கைத் தீர்க்க 1888, 1889 ஆண்டுகளில் ஹைதராபாத்தில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் உட்கார்ந்தன. அதே ஊரில் ரூபாபாய் பர்தூன்ஜி என்ற பெண், மயக்க மருந்து கொடுப்பதையே தொழிலாகச் செய்த உலகின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவராக விளங்கினார்.

வேலூருக்கு மேலைநாட்டு அறுவை மருத்துவம் வந்த வழி பலருக்கும் தெரியும். ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரு சிறு மருந்தகத்தோடு தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது. அது பெண்களுக்கும் குழந்தைகளுக்குமானது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. ஆண்கள் மாணவர்களாகச் சேர 1947 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஆம்பூரில் 1920-களில் லூத்தரன் மிஷன் பெதஸ்தா மருத்துவமனையை எழுப்பியது. வேலூர் டவுனில், 1912 முதல் 1919 வரை சென்னை கவர்னராக இருந்த பென்ட்லண்ட் பிரபுவின் பெயரால் அரசு மருத்துவமனை இயங்கியது. தோல் தொழிலாளி அறுவைக்குப் போனால் இப்படிப்பட்ட ஓரிடத்துக்குத்தான் போகவேண்டும்.

அங்கே அவருக்குக் கிடைத்தது என்ன? கம்பிச் சட்டம் ஒன்றில் மெல்லிய துணியை மடித்துப் போட்டு மூக்கின்மேல் வைப்பார்கள். அதன்மேல் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். மூச்சை முட்டும் அந்த வாடையில் நோயாளி திமிறுவார். பிடித்துக்கொள்ள ஆட்கள் வேண்டும். மயக்கம் ஏற நேரம் பிடிக்கும், தெளியவும் நேரம் பிடிக்கும். தெளியும்போது குமட்டலும் வாந்தியும் இருமலும் வரும். குடலிறக்கத்துக்கு இதுதான் கெடுதல். 1880-களில் இத்தாலியின் பாஸினி காட்டிய முறைப்படி, தசையையும் நாரையும் இழுத்துப் பிடித்துத் தையல் போட்டிருப்பார்கள். அந்தத் தையல் எப்போதும் இழுபட்டபடி இருக்கும். ஒவ்வொரு வாந்தியும் ஒவ்வொரு இருமலும் நேரே அதன்மேல்தான் விழும். அதனால் வாரக்கணக்கில் படுக்கை, அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் வேலையில்லை. கூலிக்கு உழைக்கிறவர் வீட்டில் அத்தனை நாளும் அடுப்பு எப்படி எரியும்?

வேறு வழிகள் அன்றே உலகத்தில் இருந்தன என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். 1884-ல் வியன்னாவில் கார்ல் கோல்லர் கண்ணில் கோகெயின் விட்டு அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தார். 1898-ல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே உணர்வை நிறுத்தினார். முழு மயக்கத்தைத் தாங்கமாட்டாத நோயாளிகளுக்கு இடுக்கு நரம்புகளை மட்டும் மரக்கவைத்தே குடலிறக்கத்தைச் சரிசெய்யலாம் என்று அமெரிக்காவின் ஹார்வி குஷிங் 1900-ல் கட்டுரை எழுதினார். ஆக முழு மயக்கம், முதுகு ஊசி, அந்த இடத்தை மட்டும் மரக்கவைப்பது என்ற மூன்று முறைகளும் நூறாண்டுக்கு மேல் பழையவை. எந்த முறை என்பதை அந்த ஊரில் இருந்த மருத்துவர், இருந்த மருந்து, இருந்த பழக்கம் முடிவு செய்தன. நோயாளியிடம் யாரும் கேட்கவில்லை.

முதுகு ஊசியின் காலம்

நம் மாவட்ட மருத்துவமனைகளில் பின்னாளில் வேரூன்றியது முதுகு ஊசி. காரணம் எளிது. பெரிய இயந்திரம் வேண்டாம், மருந்து மலிவு, நோயாளி தானே மூச்சுவிடுவார், இடுப்புக்குக் கீழே தசை நன்றாகத் தளர்ந்துவிடுவதால் அறுவை செய்கிறவருக்கு வசதி. இன்றும் திறந்த முறைக் குடலிறக்க அறுவை என்றால் நம் பக்கத்தில் பெரும்பாலும் கேட்காமலே முதுகில்தான் ஊசி போடுகிறார்கள்.

அந்த ஊசியால் ஆயுசுக்கும் முதுகுவலி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. குத்திய இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான். உண்மையான தொல்லைகள் வேறு. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். சிலருக்கு உட்கார்ந்தால் தலை பிளக்கும் வலி சில நாள் வரும். ஊசிகள் மெலிந்துபோன பிறகு அது வெகுவாகக் குறைந்துவிட்டது. முக்கியமானது, சிறுநீர் கட்டிக்கொள்வது. புராஸ்டேட் வீங்கிய அறுபது வயதுக்காரருக்கு அன்றிரவு சிறுநீர் இறங்காமல் குழாய் போடவேண்டிவரலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவருக்கு முதுகில் ஊசி குத்துவதிலும் ஆபத்து உண்டு; மருந்தை நிறுத்திக் காத்திருக்கவேண்டும்.

தொழில் மாறியது, உடம்பும் மாறியது

இதற்கிடையில் தோல் தொழிலே உருமாறியது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட அரைத்தோலைக் கப்பலேற்றிய காலம் போய், 1970-களில் மத்திய அரசு கச்சாத் தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. முடித்த தோலும் பிறகு ஷூவும் ஆம்பூரின் அடையாளமாயின. பாலாற்றையும் கிணற்றையும் கெடுத்த கழிவுநீருக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த டேனரிகளில் தோலைப் புரட்ட டிரம் சுழல்கிறது. கையால் இழுக்கும் வேலை குறைந்திருக்கிறது. ஆனால் ஒழிந்துவிடவில்லை. லாரியில் வரும் தோல் கட்டை இறக்குவதும், டிரம்முக்கு ஏற்றுவதும், ஈரத்தோலை அடுக்குவதும் இன்னும் மனித இடுப்பால்தான் பல இடங்களில் நடக்கின்றன.

காலையில் கம்பெனி பஸ் ஏறி ஷூ தைக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குடலிறக்கம் ஆண்களின் நோய் என்ற எண்ணம் இங்கேதான் ஆபத்தாகிறது. பெண்களுக்கு இடுக்கில் வரும் குடலிறக்கம் குறைவுதான். ஆனால் வந்தால், தொடைப் பக்கம் இறங்கும் வகையாக இருக்கும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம். அந்த வகையில் வாய் குறுகல்; குடல் சிக்கி நெரிபட்டுப்போவதும் அதிகம். வெட்கத்தில் ஒருத்தி சிறு கட்டியை மறைத்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்திருந்தால், அவளுக்குக் காத்திருக்க நேரமில்லை என்று யாராவது சொல்லவேண்டும். இவர்களுக்கு நிபுணர்கள் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப் முறையையே முதலில் யோசிக்கச் சொல்கிறார்கள். அந்த முறையில் வயிற்றுக்குள் கரியமில வாயுவை ஏற்றவேண்டும் என்பதால், பெரும்பாலும் முழு மயக்கம்தான்.

சிகிச்சை கிடைக்கும் இடங்களும் பெருகிவிட்டன. 2005-ல் அடுக்கம்பாறையில் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி வந்தது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகி, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடும், தோல் நகரமான ராணிப்பேட்டை தனி மாவட்டமாகவும் பிரிந்தன. 1961-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவையைச் செய்த, ஐடா ஸ்கடரின் சி.எம்.சி. மருத்துவமனை, பேரணாம்பட்டிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருக்கிறது. இடமும் பணமும் முன்போலத் தடையில்லை. மயக்க முறையை நோயாளியோடு உட்கார்ந்து பேசி முடிவுசெய்யும் வழக்கம் மட்டும் அந்த அளவுக்கு வளரவில்லை. நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

விழித்திருக்கும்போதே

அந்த இடத்தை மட்டும் மரக்கவைக்கும் முறையைப் பற்றி நம் ஊரில் மிகக் குறைவாகவே பேசுகிறோம். அதை அருகிலிருந்து பார்ப்போம்.

நோயாளி மேசையில் மல்லாந்து படுத்திருக்கிறார், முழு நினைவோடு. விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப், கையில் ரத்த அழுத்தப் பட்டை, நரம்பில் ஓர் ஊசி. பயம் குறைய லேசான மருந்து கொடுப்பதும் உண்டு. மெல்லிய ஊசியால் முதலில் தோலுக்கடியில், அறுக்கப்போகும் கோட்டில் மருந்து போகிறது. அந்த முதல் குத்து சுரீரென்று எரியும். பிறகு அந்த இடம் கட்டையாகிவிடும். மருந்து பெரும்பாலும் லிக்னோகைனும் பியூபிவகைனும் கலந்தது. முன்னது சில நிமிடத்தில் வேலை செய்யும். பின்னது மணிக்கணக்கில் நிற்கும். தோல், கொழுப்பு, நார்த்தகடு என்று ஒவ்வொரு அடுக்காகத் திறக்கத் திறக்க, அடுத்த அடுக்கில் மருந்தை விட்டு, நின்று, பிறகு வெட்டுகிறார்கள். இடுக்கு வழியே ஓடும் நரம்புகளைச் சுற்றியும் மருந்து போகிறது. அவசரப்படும் கை இதைச் செய்யமுடியாது.

கத்தி தெரியாது, இழுப்பது, அழுத்துவது தெரியும். குடல் தங்கிய பையைப் பிடித்து இழுக்கும்போது அடிவயிற்றில் ஒரு பிசையும் வலி வரும். நல்ல மருத்துவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, பையின் கழுத்திலும் மருந்து விடுவார். பலவீனமான இடத்தைத் தாங்க ஒரு வலையைப் பதித்த பிறகு, "ஐயா, ஒருமுறை பலமா இருமுங்க" என்பார். இருமும்போது வலை தாங்குகிறதா என்று அங்கேயே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். முழு மயக்கத்தில் இருப்பவரிடம் இதைக் கேட்கமுடியாது. அறுவை முடிந்ததும் அவர் தன் காலாலேயே எழுந்து நிற்கலாம். காலை மரக்கவைக்காததால் நடையும் சிறுநீரும் தடைபடுவது குறைவு.

உலகம் இதை நெடுநாளாகச் செய்துவருகிறது. 1945-ல் கனடாவில் தொடங்கிய ஷோல்டைஸ் மருத்துவமனை பெரும்பாலும் இந்த முறையிலேயே குடலிறக்கம் சரிசெய்கிறது. 1980-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் லிக்டன்ஸ்டைன், தசையை இழுத்துத் தைக்காமல் பாலிப்ரோப்பிலீன் வலையைப் பதிக்கும் முறையைக் கொண்டுவந்ததும் இதே மரக்கவைப்பில்தான். அந்த வலை விலை அதிகம் என்ற குறையை நம் நாட்டு கிராமப்புற மருத்துவர்கள் எதிர்கொண்டார்கள். மகாராஷ்டிரத்தின் தொண்டாய்ச்சாவில் ரவீந்திரநாத் டோண்காவ்கர் போன்றவர்கள் கொசுவலைத் துணியைச் சுத்திகரித்துப் பதித்து அதன் பலனை வெளியிட்டார்கள். 2016-ல் உகாண்டாவில் 302 பேரிடம் நடந்த ஆய்வில், கொசுவலைத் துணிக்கும் விலையுயர்ந்த வலைக்கும் ஓராண்டு முடிவில் வித்தியாசம் தெரியவில்லை. ஏழை உடம்புக்கும் தரமான அறுவை கிடைக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

யாருக்கு எது

2003-ல் ஸ்வீடனின் பத்து மருத்துவமனைகளில் 616 பேரை மூன்றாகப் பிரித்து இந்த மூன்று முறைகளையும் ஒப்பிட்டார்கள். அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். முதல் நாள் வலி குறைவு. சிறுநீர்த் தொல்லையும் குறைவு. 2018-ல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டி இதையே சொல்கிறது: உள்ளே தள்ளினால் போகும் குடலிறக்கத்தைத் திறந்த முறையில் சரிசெய்யும்போது, கைப்பழக்கம் உள்ளவர் செய்தால் மரக்கவைக்கும் முறை நல்லது. 65 வயது தாண்டியவர்களுக்கு முதுகு ஊசியைவிட மரக்கவைப்பையோ முழு மயக்கத்தையோ விரும்பச் சொல்கிறது.

"கைப்பழக்கம் உள்ளவர்" என்ற நிபந்தனை மிகவும் முக்கியம். பழக்கமில்லாத கையில் இந்த முறையில் மீண்டும் குடல் இறங்குவது கூடலாம் என்ற எச்சரிக்கையும் ஐரோப்பியப் பதிவேடுகளிலிருந்து வந்திருக்கிறது. எனவே மரக்கவைத்தலே எல்லோருக்கும் சிறந்தது என்று முழங்கமாட்டேன்.

பீடி புகைத்து நெஞ்சு கரகரக்கும் முதியவர், இதயம் பலவீனமானவர், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர், சிறிய, உள்ளே போகிற குடலிறக்கம் உள்ளவர்: இவர்களுக்கு மரக்கவைப்பை முதலில் யோசிக்கவேண்டும். விதைப்பை வரை இறங்கிய பெரிய குடலிறக்கம், உள்ளே போகாமல் ஒட்டிக்கொண்டது, மிகவும் பருமனான உடம்பு, பயத்தில் நடுங்கி அசைகிறவர், குழந்தைகள்: இவர்களுக்கு முழு மயக்கம் பொருத்தம். லேப்ராஸ்கோப் வேண்டும் என்றாலும் முழு மயக்கம்தான். இருபுறமும் இறங்கியவர்களுக்கும், முன்பு திறந்த முறையில் செய்து மீண்டும் வந்தவர்களுக்கும் அது கைகொடுக்கிறது. கட்டி உள்ளே போகாமல் கல்லாகி, தாங்கமுடியாத வலியும் வாந்தியும் வந்தால் அது உயிர் போகிற அவசரம். அப்போது தேர்வு பேச நேரமில்லை. 108-ஐ அழைத்துப் போகவேண்டியதுதான்.

முழு மயக்கமும் அன்று இருந்த மயக்கம் அல்ல. நரம்பில் மருந்து போனதும் சில நொடியில் தூக்கம். தொண்டையில் மூச்சுக் குழாய். ஒவ்வொரு துடிப்பையும் ஒவ்வொரு மூச்சையும் திரையில் காட்டும் கருவிகள். தலைமாட்டிலேயே பயிற்சி பெற்ற மயக்க மருத்துவர். ஈதரைப் பற்றிய தாத்தாவின் பயத்தைப் பேரன் சுமக்கவேண்டியதில்லை. அதேபோல, மரக்கவைக்கும் ஊசி என்றால் சாதாரணம் என்று அலட்சியமும் கூடாது. உடல் எடைக்கு மீறி மருந்து போனாலோ ரத்தக்குழாயில் நேரே போனாலோ நாக்கில் உலோகச் சுவை, உதட்டில் மரமரப்பு, பிறகு வலிப்புகூட வரலாம். அதனால்தான் கிளிப்பும் கண்காணிப்பும் அங்கேயும் கட்டாயம்.

கேட்கவேண்டியவை

தோல் தொழிலாளிக்கு மயக்க முறையோடு வேலை நாட்களும் பின்னிக் கிடக்கின்றன. இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளிக்கு, ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்வரை உண்டு. சம்பளத்திலிருந்து அதற்காகத்தான் மாதாமாதம் பிடிக்கிறார்கள். கேட்டு வாங்குவது உரிமை. பதிவில்லாத ஒப்பந்தக் கூலிக்கு அது இல்லை. அவர்தான் வலியோடு சீக்கிரம் டிரம்முக்குத் திரும்புகிறார், அல்லது அறுவையையே தள்ளிப்போட்டுப் பெல்ட் கட்டுகிறார். அவரைப் பதிவேட்டில் கொண்டுவருவதும் சிகிச்சையின் பகுதிதான்.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் கேட்கத் தயங்காதீர்கள். "எனக்குத் திறந்த முறையா, லேப்ராஸ்கோப்பா? எனக்கு எந்த மயக்கம், ஏன்? அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து நீங்கள் வழக்கமாகச் செய்வதுண்டா? என் இருமலுக்கும் என் மாத்திரைக்கும் எது பாதுகாப்பு? ஈரத்தோல் தூக்கும் வேலைக்கு எப்போது திரும்பலாம்?" இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவரே உங்கள் மருத்துவர். இவற்றோடு ஒரு கடமை உங்களுக்கும் உண்டு: எந்த முறையானாலும் பீடியை அறுவைக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள். இருமல் குறைந்தால் மயக்கமும் தாங்கும், தையலும் தாங்கும்.

மருத்துவமனைகளிடமும் ஒன்று கேட்கிறேன். அனுமதிச் சீட்டில் கையெழுத்து வாங்கும்போது, மூன்று முறைகளையும் தமிழிலும் உருதுவிலும் ஐந்து நிமிடம் எடுத்துச் சொல்லுங்கள். வாய்ப்புள்ள இடங்களில் இளம் அறுவை மருத்துவர்களுக்கு மரக்கவைக்கும் முறையில் கை பழக்குங்கள். அன்று நம்மவருக்கு ஈதரும் முதுகு ஊசியும் தவிர வேறில்லை என்பது காலத்தின் குறை. இன்று மூன்றும் இருந்தும், ஒரு வார்த்தை கேட்காமல் அவருக்குப் பதிலாக முடிவு செய்தால் அது நம் குறை.